சின்ன வாய், பெரிய வயிறு: மரம் குடையும் கருவிகளின் அறிவியல்

லேத்தில் கடைந்த மர ஜாடி ஒன்று. உயரம் ஓர் அடி. வயிறு ஒரு சாண் அகலம். வாயோ ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுதான். கையில் எடுத்தால் கனமே தெரியாது. சுவர் 5 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. இரண்டு பாதிகளாகச் செய்து ஒட்டியதும் இல்லை. உள்ளே இருந்த மரம் முழுவதும் சீவலாகவும் தூளாகவும் அந்தச் சின்ன வாய் வழியாகவே வெளியே வந்திருக்கிறது.

இதைப் பார்ப்பவர்கள் பலரும் உளியின் கூர்மையைத்தான் வியப்பார்கள். கூர்மை வேண்டியதுதான். ஆனால் குடைகிற வேலையில் அதற்கு முன்னால் வந்து நிற்பது தூரம். கருவியின் நுனி தன்னைத் தாங்கும் இடத்திலிருந்தும், பிடித்திருக்கும் கையிலிருந்தும், பார்க்கும் கண்ணிலிருந்தும் விலகிப்போய் இருட்டுக்குள் வேலை செய்கிறது. அதனால் மூன்று தொல்லைகள். நுனி தாழ்கிறது, கருவி முறுக்கிக்கொள்கிறது, உள்ளே நடப்பது தெரிவதில்லை. இன்று விற்பனையில் இருக்கும் குடைவுக் கருவிகள் எல்லாமே இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குச் சொல்லப்பட்ட பதில்கள். எந்தக் கருவி எதற்குப் பதில் என்று தெரிந்துகொண்டால், விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டிய தேவை இருக்காது.

வளைந்த கம்பி வந்த கதை

வாய் அகன்ற கிண்ணங்களை மனிதர்கள் நெடுங்காலமாகக் கடைந்து வருகிறார்கள். வாய் குறுகி வயிறு பருத்த கலங்களை மெல்லிய சுவரோடு குடைவது ஒரு கலையாக வளர்ந்தது 1970களின் அமெரிக்காவில். அதில் முன்னே நின்றவர் டேவிட் எல்ஸ்வொர்த். கடைகளில் கிடைத்த நேரான உளிகள் கலத்தின் தோள்பட்டைக்குக் கீழே உள்ள சுவரை எட்டவில்லை. எனவே எஃகுக் கம்பிகளைத் தானே வளைத்து, முனையில் சிறு வெட்டுமுனையைப் பொருத்திக்கொண்டார். 1986இல் அமெரிக்க மரக்கடைசல்காரர்களின் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அதே காலத்தில் அட்லாண்டாவில் எட் மோல்த்ரோப் என்ற கட்டடக் கலைஞர், பெரிய அடிமரங்களிலிருந்து பிரம்மாண்டமான கலங்களைக் கடைந்தார். அவரும் தன் கருவிகளைத் தானே உலையில் அடித்துச் செய்துகொண்டவர்தான்.

தேவையானவர்களே செய்துகொண்ட அந்தக் கருவிகள் பிறகு தொழிற்சாலைப் பொருள்களாயின. இப்போது நேர்க்கம்பி, வளைகம்பி, வளைய வெட்டி, கார்பைடு முனை, மடங்கும் கை, லேசர் பொருத்திய சட்டம் என்று வகைகள் நிறைய.

தாழ்வது: கன விதியும் நான்காம் படியும்

கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கடையும்போது, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மரத்தை ஒட்டியே இருக்கும். உளியின் நுனி ரெஸ்டைத் தாண்டி ஓர் அங்குலம் நீண்டால் அதிகம். குடையும்போது ரெஸ்ட் வாய்க்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போன நீளம் முழுவதற்கும் தாங்கல் கிடையாது.

மேஜை விளிம்பில் ஒரு ஸ்கேலை நீட்டிவைத்து முனையை அழுத்திப் பாருங்கள். நீட்டிய நீளம் கூடக்கூட வளைவு கிடுகிடுவென்று ஏறும். இந்த ஏற்றத்துக்குக் கணக்கு உண்டு. வளைவு நீளத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்காகும். உருண்டைக் கம்பியின் விட்டத்துக்கோ நான்காம் படி. விட்டம் இரட்டித்தால் வளைவு 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி ரெஸ்டைத் தாண்டி 15 சென்டிமீட்டர் நீள்கிறது. நுனியை மரம் 50 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 5 கிலோ எடை அளவுக்கு, கீழே அழுத்துகிறது. நுனி தாழ்வது 0.28 மில்லிமீட்டர், பொறுத்துக்கொள்ளலாம். அதே கம்பியை 30 சென்டிமீட்டர் உள்ளே விட்டால் 2.2 மில்லிமீட்டர் தாழும். சுவரே 5 மில்லிமீட்டர்தான் என்னும்போது இது பெரிய தொகை. கம்பியை 20 மில்லிமீட்டருக்கு மாற்றினால், அதே 30 சென்டிமீட்டரில் தாழ்வு மறுபடியும் 0.29க்கு இறங்கிவிடுகிறது. நீளம் கெடுத்ததை விட்டம் சரிசெய்கிறது.

அப்படியென்றால் எப்போதும் தடித்த கம்பியே போதுமே என்று தோன்றும். எலுமிச்சம்பழ அளவு வாய் அதற்கு விடுவதில்லை. கம்பி தடித்தால் பக்கவாட்டில் திருப்ப இடம் இருக்காது. சீவல் வெளியேறவும் வழியிராது. குடைவுக் கருவியின் வடிவமைப்பு என்பதே வாய்க்கும் விட்டத்துக்கும் இடையே நடக்கும் பேரம்தான்.

இங்கே பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. விலை உயர்ந்த, கடினப்படுத்திய எஃகுக் கம்பி குறைவாக வளையும் என்று எண்ணிக்கொள்கிறோம். அது தவறு. வளைவைத் தீர்மானிக்கும் யங் குணகம், சாதாரண எஃகுக்கும் உயர்தர எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றே: சுமார் 200 கிகாபாஸ்கல். கடினப்படுத்துவதால் தேய்மானம் குறையும். நிரந்தரமாக வளைந்துபோவதும் குறையும். ஆனால் விசை தரும்போது தற்காலிகமாகத் தாழும் அளவு மாறவே மாறாது. தண்டுக்குச் சாதாரண எஃகும் முனைக்கு மட்டும் உயர்தர உலோகமும் போதும்.

எஃகைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது டங்ஸ்டன் கார்பைடு. உலோக வேலையில், எஃகுத் தண்டை அதன் விட்டத்தைப்போல் 4 மடங்கு நீளம் வரைதான் நீட்டலாம் என்பார்கள். கார்பைடுத் தண்டென்றால் 6 மடங்கு. ஆனால் முழுத் தண்டையும் கார்பைடில் செய்தால் விலையும் எடையும் ஏறும். கீழே விழுந்தால் உடையும். மரக்கடைசலில் அது முனையோடு நின்றுவிட்டது.

குழாய் இன்னொரு நல்ல வழி. 20 மில்லிமீட்டர் தண்டின் நடுவில் 10 மில்லிமீட்டர் துளையிட்டால் எடையில் கால்பங்கு குறைகிறது. விறைப்போ 16இல் ஒரு பங்குதான் குறைகிறது. வளைவை எதிர்ப்பது பெரும்பாலும் தண்டின் வெளி அடுக்குதான் என்பதே காரணம். கைப்பிடியைக் குழாயாகச் செய்து உள்ளே ஈயக் குண்டுகளை நிரப்புவோரும் உண்டு. குண்டுகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும்.

முறுக்குவது: நுனி அச்சை விட்டு விலகினால்

நேர்க்கம்பியால் குடத்தின் அடியைக் குடையலாம். தோளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுவரைத் தொட முடியாது. அதற்குத்தான் வளைகம்பி. வளைத்தவுடன் அடுத்த தொல்லை தொடங்குகிறது.

நுனி தண்டின் அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது, விசை அதே 50 நியூட்டன் என்று கொள்வோம். தண்டைச் சுழற்றப் பார்க்கும் திருப்புவிசை 2 நியூட்டன் மீட்டர். கைப்பிடியின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்றால், அதன் மேற்பரப்பில் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான பிடி இருந்தால்தான் கருவி சுழலாமல் நிற்கும். இதுவும் மரம் ஒழுங்காக வெட்டுப்படும்போது உள்ள கணக்கு. நுனி சட்டென்று ஆழமாகக் கடித்துவிட்டால் விசை பல மடங்கு எகிறும். மணிக்கட்டுதான் அதற்கு விலை கொடுக்கும்.

இந்தத் தொல்லைக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, அன்னத்தின் கழுத்தைப்போல் இரண்டு வளைவுகள் கொண்ட தண்டு. வெளியே போன நுனி மறுபடி வளைந்து தண்டின் அச்சுக்கோட்டுக்கே திரும்பி வருகிறது. விசை அச்சின் மேல் விழுவதால் முறுக்கு அநேகமாக மறைந்துவிடும். ஒரே நிபந்தனை: ரெஸ்டின் மேல் எப்போதும் தண்டின் நேரான பகுதிதான் உட்கார வேண்டும். வளைந்த பகுதி ரெஸ்டில் ஏறினால் தாங்கல் ஒரு பக்கமாகி, கருவி சாய்ந்துவிடும்.

இரண்டாவது தீர்வு முறுக்கைக் கையிலிருந்தே எடுத்துவிடுவது. லேத்தின் பின்னால் ஒரு சட்டம் வைத்து, கைப்பிடியை அதன் இரு கம்பிகளுக்கு நடுவே சிறைப்படுத்துகிறார்கள். கருவி முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரும். சுழலவோ மேலெழவோ முடியாது. மிச்சிகனைச் சேர்ந்த லைல் ஜேமிசன் இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். இதே வேலையை மூட்டுகளில் மடங்கும் எஃகுக் கை மூலம் செய்யும் அமைப்புகளும் உண்டு.

இவற்றைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது வேறுபாடு உடனே தெரியும். கையில் மட்டும் பிடித்த வளைகம்பியில் மரம் பேசுவதெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் முன்கை கடுக்கும். சட்டத்தில் பூட்டிய கருவியை இரண்டு விரலால் நகர்த்தலாம். ஆனால் மரத்தின் பேச்சு பாதிதான் கேட்கும். ஆழமும் அகலமும் கூடும்போது சட்டமே மேல். சிறிய கலத்துக்கு அதைப் பூட்டிச் சரிசெய்யும் நேரத்தில் கைக்கருவியால் குடைந்தே முடித்துவிடலாம்.

நுனியில் என்ன வைப்பது?

வெட்டும் விசை, ஒரே நேரத்தில் வெட்டப்படும் சீவலின் அகலத்தையும் கனத்தையும் பொறுத்தது. நுனி அகலமானால் விசை கூடும். விசை கூடினால் தாழ்வும் முறுக்கும் கூடும். அதனால்தான் பருத்த தண்டின் முனையில் 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு துண்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் துண்டு பெரும்பாலும் ஹைஸ்பீடு ஸ்டீல். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய இந்த எஃகு, 1900இல் பாரிஸ் கண்காட்சியில் உலோகத் தொழிலாளர்களை வியக்கவைத்தது. பழைய கார்பன் எஃகு சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். இதுவோ சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் குறையாது. அடுத்து வந்தது கார்பைடு. ஜெர்மனியில் 1920களில் உருவாகி, க்ரூப் நிறுவனத்தால் 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. ஹைஸ்பீடு ஸ்டீலை நுண்ணிய கூர்மைக்குத் தீட்டலாம், சீக்கிரம் மழுங்கும். கார்பைடு நெடுநேரம் நிற்கும். மழுங்கினால் திருகைத் தளர்த்தி வேறு விளிம்பைத் திருப்பிக்கொள்ளலாம்.

கார்பைடிலேயே இரண்டு வகை. மேற்பரப்பு தட்டையான வில்லை மரத்தைச் சுரண்டும், தூள்தான் வரும். நடுவில் கிண்ணம்போல் குழிந்த வில்லையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் இழையைச் சீவும். சுருள் சுருளாக வரும், சுவரும் வழவழப்பாகும். பழகாதவர்களுக்குத் தட்டை வில்லைதான் பத்திரம். குழிந்தது சாய்வு தவறினால் கடித்து இழுத்துவிடும்.

மூன்றாவது வகை, மேல்மூடியுள்ள வளைய வெட்டி. வெட்டும் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சீவலின் கனத்துக்கு உச்சவரம்பு. பச்சை மரத்தில் இது அருமையாக வெட்டும். நார் அதிகமுள்ள மரத்தில் இடைவெளி அடைத்துக்கொண்டு, அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்யவைக்கும்.

இழையும் உயரமும்

அடிமரம் நின்ற வாக்கிலேயே ஜாடி நிற்கிறது என்றால், அதன் அடியில் இழைகள் நுனி காட்டி நிற்கும். அப்போது நடுவிலிருந்து வெளிச்சுவரை நோக்கி வெட்ட வேண்டும். வெட்டுப்படும் ஒவ்வொரு இழைக்கும் அதன் வெளிப்பக்கத்து இழை வாயை நோக்கிச் சற்று உயரமாக நின்று முட்டுக்கொடுக்கும். மாறாக வெளியிலிருந்து உள்ளே வந்தால் முட்டு இல்லாத இழை பிய்ந்துவிடும். பலகையைப் படுக்கவைத்துக் கடையும் கிண்ணத்துக்கு இந்தத் திசை அப்படியே தலைகீழ்.

முதலில் நடுவில் ஒரு துளை போட்டுக்கொள்வதும் வழக்கம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 800 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அச்சிலோ வேகம் பூஜ்யம். அங்கே கருவி வெட்டாது, நசுக்கத்தான் செய்யும். துளை அந்தச் செத்த இடத்தை நீக்குவதோடு, எவ்வளவு ஆழம் போகலாம் என்ற எல்லையையும் காட்டிவிடும். துளைக்கும் வேலையில் இன்னொரு சௌகரியம், துளைச்சுவரே துளைக்கும் கம்பிக்குச் சுற்றிலும் துணையாக நிற்பது. நாதஸ்வரம்போன்ற நீண்ட குழல்களின் உள்துளையும் குடத்தின் வயிறும் வெவ்வேறு வித்தைகளாவது இதனால்தான்.

நுனியின் உயரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுரண்டும் நுனியை உட்சுவரில் மையக்கோட்டுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். அங்கிருந்து தாழ்ந்தால் அது அச்சை நெருங்கும். சுவரை விட்டு விலகும். மையத்துக்குக் கீழே வைத்தால், தாழத் தாழச் சுவருக்குள் இன்னும் ஆழமாகப் போகும். வெளிப்புறம் கடையும்போது இது நேர்மாறு என்பதால், வெளியே கைவந்தவர்களும் உள்ளே தடுமாறுகிறார்கள்.

அதிர்வு என்ற பழைய எதிரி

ஆழம் போகப்போகக் கருவி கிடுகிடுக்கத் தொடங்கும். சுவரில் வரிவரியாகத் தழும்பு விழும். நுனி ஒருமுறை துள்ளினால் மரத்தில் ஓர் அலை பதிகிறது. அடுத்த சுற்றில் நுனி அதே அலைமேல் ஏறி இறங்கி, மேலும் பெரிய அலையைப் பதிக்கிறது. அதிர்வு தன்னைத்தானே ஊட்டி வளர்க்கிறது. ஹைஸ்பீடு ஸ்டீலைத் தந்த அதே டெய்லர், உலோக வெட்டு பற்றி 1907இல் எழுதிய பெரிய ஆய்வுரையில், கடைசல்காரர் சந்திக்கும் சிக்கல்களில் மிகவும் பிடிபடாதது இந்த அதிர்வே என்று கருத்துச் சொன்னார்.

தாங்கலில்லாத நீளம் இரட்டித்தால் கம்பியின் இயல்பு அதிர்வெண் நாலில் ஒரு பங்காகும். கீச்சென்ற ஒலி உறுமலாக மாறுவது அதனால்தான். மருந்துகள் எளியவை: சுழற்சி வேகத்தை மாற்றுவது, சீவலை மெலிதாக்குவது, நீட்டிய நீளத்தைக் குறைப்பது.

நான்காவது மருந்து வேலையின் வரிசை. வாய்ப்பக்கச் சுவரை ஓரிரு அங்குல ஆழத்துக்கு முழுமையாக முடித்துவிட்டுத்தான் அதற்கு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். அடியில் மரம் கனமாக இருக்கும்வரை மேற்சுவர் அசையாது. எல்லாவற்றையும் குடைந்துவிட்டுத் திரும்பி வந்தால், மெலிந்த சுவர் அதிர்வது மட்டுமில்லை. உள் இறுக்கம் தளர்ந்து வட்டமே நீள்வட்டமாகியிருக்கும்.

தெரியாததைத் தெரிந்துகொள்வது

மூன்றாம் தொல்லை பார்வை. சுவர் எவ்வளவு மிச்சம்? பழைய வழி, வளைத்த கம்பியாலான காலிப்பரை விட்டு அளப்பது. காதும் உதவும், சுவர் மெலியும்போது வெட்டும் ஒலி மாறும். ஈரமான மெல்லிய மரம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கடத்தும் என்பதால், விளக்கு காட்டி நிறத்தை வைத்தே கனத்தை மதிப்பிடுவாரும் உண்டு.

லேசர் அமைப்பு இன்னும் நேரடியானது. கருவியோடு சேர்ந்தே நகரும் ஒரு கரம் ஜாடிக்கு மேலே நீண்டிருக்கும். அதிலிருந்து கீழே விழும் ஒளிப்புள்ளியை, உள்ளே இருக்கும் நுனியிலிருந்து 5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி அமைத்துவிடுவார்கள். புள்ளி ஜாடியின் மேல் தெரியும்வரை குடையலாம். விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டால் சுவர் 5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது; அங்கே நிறுத்த வேண்டும். இப்போது கேமரா வைத்து, நுனியின் நிலையையும் சுவரின் கோட்டையும் திரையில் பார்த்தே குடைகிறார்கள்.

சுவர் சீராக இருக்க வேண்டியது அழகுக்காக மட்டுமில்லை. பச்சை மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்கும். ஆண்டுவளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கனமான இடமும் மெலிந்த இடமும் கலந்திருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் உலராது, விரிசல் விழும். சீரான மெல்லிய சுவரென்றால் கோணிக்கொண்டு தப்பித்துவிடும். மோல்த்ரோப் தன் பெரிய கலங்களைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்துச் சுருக்கத்தைத் தடுத்தார். 1961இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலைக் காத்ததும் இதே வேதிப்பொருள்தான்.

எதை வாங்கலாம்?

குடைவுக்குப் புதியவர் மூன்று நான்கு அங்குல ஆழத்தில் தொடங்குவது நல்லது. அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டில் சிறு ஹைஸ்பீடு ஸ்டீல் முனை பொருத்திய ஒரு நேர்க்கருவியும், அன்னக்கழுத்து வளைவுள்ள ஒன்றும் போதும். ஆறு அங்குலம் தாண்டினால் பணத்தை முனைக்குச் செலவிடுவதைவிடத் தண்டின் விட்டத்துக்குச் செலவிடுங்கள். ஓர் அடியை நெருங்குபவருக்குத்தான் சட்டமும் லேசரும் தேவை. எந்த நிலையிலும் கைப்பிடி நீளமாக இருக்கட்டும். ரெஸ்டுக்கு முன்னால் 30 சென்டிமீட்டர், பின்னால் 60 சென்டிமீட்டர் என்றால், நுனியின் 50 நியூட்டனைக் கை 25 நியூட்டனில் சமாளித்துவிடும்.

உள்ளே சீவல் அடைத்தால் நுனி எதிர்பாராமல் கடிக்கும். அடிக்கடி லேத்தை நிறுத்தி, அது முழுதாக நின்ற பிறகே சுத்தம் செய்ய வேண்டும். சுழலும் ஜாடிக்குள் விரல் போகவே கூடாது. முகக்கவசம் கட்டாயம். தூசுக்கு முகமூடியும் அப்படியே. மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

தண்டு எவ்வளவு தடிமனாக முடியுமோ அவ்வளவு, நுனி எவ்வளவு சிறியதாக முடியுமோ அவ்வளவு, தாங்கலில்லாத நீளம் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு. புதுக் கருவி எந்தப் பெயரில் வந்தாலும் இந்த மூன்றையும் வைத்து அளந்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.